தெய்வத்துக்குப் பாடிய தாலாட்டு

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் அந்தப் படி ஏறமாட்டார்கள். கடனைக் கேட்க வந்தவனும் திண்ணையோடு திரும்பிவிடுவான். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. அடுப்படியில் தாளிப்பு கிடையாது. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் தலைசீவக் கூடாது, துணியை அடித்துத் துவைக்கக் கூடாது. படுத்திருப்பவருக்குக் கீழே வெள்ளை வேட்டி, அதன்மேல் வேப்பிலை. சாப்பிட நீராகாரம், மோர், இளநீர். அரிப்பெடுத்தால் நகம் படக் கூடாது. வேப்பங்கொத்தால் தடவிவிட வேண்டும். இத்தனை விதிகளையும் காப்பாற்றுவதிலேயே பகல் ஓடிவிடும். இரவை ஓட்டுவதுதான் பெரும்பாடு.

இன்றைக்கு அம்மை என்றால் பெரும்பாலும் சின்னம்மை. ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். அந்தக் காலத்து இரவுகள் பெரியம்மையின் இரவுகள். தடுப்பு இல்லாதவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோன நோய் அது. பிழைத்தவர்களில் பலருக்கு முகம் முழுக்கத் தழும்பு, சிலருக்குக் கண் போனது. முதலில் கொதிக்கிற காய்ச்சல், பிறகு முகத்திலும் கைகாலிலும் கொப்புளம், அது பழுத்து, காய்ந்து, பொருக்கு உதிர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நோயாளிக்குத் தூக்கமில்லை. பக்கத்தில் இருக்கிற தாய்க்கோ பாட்டிக்கோ சுத்தமாக இல்லை. கொடுக்க மருந்து என்று எதுவும் அன்று கிடையாது. விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கென்று தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு நூல் இருந்தது. அதன் பெயர் மாரியம்மன் தாலாட்டு.

இயற்றியவர் பெயர் தெரியாத நீண்ட பாட்டு அது. இரண்டிரண்டு அடிகளாக, ஆட்டத்துக்கு இசைந்த நடையில் போகும். மாரியை ஊர் ஊராகப் பேர் சொல்லி அழைக்கும்; அவள் பெருமையையும் உக்கிரத்தையும் சொல்லும்; முத்துகளாக அவள் போட்ட கொப்புளங்களை இறக்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சும், சில இடங்களில் உரிமையோடு கேட்கும். சென்னை கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் அன் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் 'பெரிய எழுத்து' நூல்கள் என்ற பெயரில் மலிவு விலையில் அச்சிட்டுத் தள்ளிய கதைப்பாடல்களின் வரிசையில் இதுவும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவரும் எழுத்துக்கூட்டிவிடலாம். எழுத்து கூடப் பெரிதாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. படிக்கத் தெரியாத பெண்கள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். வசதி உள்ள வீட்டில் பூசாரியை அழைத்து உடுக்கையோடு பாடச் சொல்வதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டில் தூக்கம் வராமல் புரள்வது பிள்ளை. பாடுகிறவர்கள் தாலாட்டுவதோ தெய்வத்தை. பிள்ளையைத் தூங்க வை என்று அம்மனிடம் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும், அம்மனே குழந்தையாகித் தொட்டிலில் கிடக்கிறாள். வந்து இறங்கியிருக்கிறவள் அவள். அவள் கோபம் அடங்கி அமர்ந்தால் வீடும் அடங்கும் என்பது கணக்கு. பயந்து நடுங்குகிறவர் கையில் தொட்டில் கயிற்றைக் கொடுத்துவிடுகிறது இந்தப் பாட்டு. நடுச்சாமத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு அது ஒரு பெரிய வேலை.

இந்தத் தலைகீழ்த் தாலாட்டு நாட்டுப்புறத்தில் மட்டும் வளர்ந்ததல்ல. அதன் பழைய வேர்களில் ஒன்று இதே விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.

தமிழக அரசின் முத்திரையில் இருக்கும் 11 நிலைக் கோபுரத்தை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபுரத்துக்கு உள்ளே இருக்கிறவர் வடபத்ரசாயி, ஆலிலையில் பள்ளிகொண்டவர். ஊரின் மூல தெய்வமே துயில்கிற தெய்வம். அவருக்கு நந்தவனம் வைத்துப் பூக்கட்டிக் கொடுத்த விஷ்ணுசித்தர், பெரியாழ்வார் என்று பெயர் பெற்றவர், கண்ணனை மகனாக வைத்துப் பாடினார். பெரியாழ்வார் திருமொழியில் பிள்ளை பிறந்த ஆரவாரம், பாதாதிகேச அழகு எல்லாம் முடிந்ததும் பத்துப் பாட்டில் ஒரு தாலாட்டு வருகிறது. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தாலாட்டுகளில் அது ஒன்று. பிரமன் பொன்தொட்டில் அனுப்புகிறான். சிவன், இந்திரன், வருணன் என்று ஒவ்வொருவரும் சீர் அனுப்புகிறார்கள். மாமன் கொண்டுவந்த சங்கு, அத்தை கொண்டுவந்த மை என்று நம் வீட்டுப் பாட்டிகள் பட்டியல் போடுவார்களே, அதே போக்குதான். பொறாமைப்படுகிற மாமிகள் மட்டும் அந்த வானுலகச் சீர்வரிசையில் இல்லை.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒருத்தி உண்டு. கலைமான்மேல் வரும் கொற்றவை. அவள் கொண்டுவருவது பொன்னும் மணியும் இல்லை. உடம்பில் பூச வாசனைப் பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை, நெற்றிக்குச் செந்தூரம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு வைணவத் தாலாட்டில், தொட்டிலருகே மஞ்சளோடு ஒரு காட்டுத் தெய்வம் நிற்கிறாள். பிற்கால மாரியம்மன் தாலாட்டு அங்கிருந்துதான் பிறந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தொட்டில், மஞ்சள், பெண்தெய்வம் மூன்றும் ஒரே பாட்டில் கூடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று தெரிகிறது.

பெரியாழ்வாரை வெறும் பிள்ளைக்கொஞ்சல் கவிஞராகப் பார்க்கிறவர்கள் அவருடைய இன்னொரு பதிகத்தை மறந்துவிடுகிறார்கள். உயிர் போகிற நேரத்துப் பயத்தை அவர் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். உடல் தளர்ந்து, நினைவு தப்பி, நமன் ஆட்கள் வந்து பிடிக்கும்போது உன் பெயரைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது; அதனால் இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன் என்கிறார். முன்பணம் கட்டுவதைப் போன்ற சாமர்த்தியம். அதை அவர் யாரிடம் சொல்கிறார் என்பதுதான் இங்கே பொருந்துகிறது: திருவரங்கத்தில் பாம்பணையில் படுத்திருப்பவரிடம். பாட்டுக்குப் பாட்டு அந்தப் படுக்கையையே சொல்லி அழைக்கிறார். பயத்தில் விழித்திருப்பவன் பக்தன், நிம்மதியாகத் துயில்பவன் கடவுள். கடவுளின் தூக்கம் கைவிட்ட தூக்கமாக அவருக்குப் படவில்லை. உலகம் தன் இடத்தில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகவே படுகிறது.

அவர் வளர்த்த பெண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் பாதிக்கு மேல் தூக்கம் தொலைத்தவளின் பேச்சு. குயிலிடம் பேசும் பதிகத்தில், எலும்பு உருகிப்போய், பல நாளாக இமையோடு இமை சேரவில்லை என்று ஆண்டாள் முறையிடுகிறாள். மேகத்தைத் தூதுவிடும் பதிகத்தில் நள்ளிரவுத் தென்றலுக்குத் தான் இலக்காகிக் கிடப்பதைச் சொல்கிறாள். தென்றல் சுகம் என்று பாடிய கவிகள் ஆயிரம். அது கொல்லும் என்று நடுச்சாமத்தில் விழித்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். இவளேதான் திருப்பாவையில் வீடு வீடாகப் போய்த் தூங்குகிற பெண்களை எழுப்புகிறவள். வெள்ளி எழுந்து வியாழன் உறங்கிய வானக் குறிப்பை வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் திருப்பாவையின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார். அந்த ஆண்டை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் கிழக்கு வானத்தில் எந்தக் கோள் எப்போது ஏறி எது இறங்கியது என்று கவனித்துச் சொல்கிறவள் விடிவதற்கு முன்பே விழித்திருந்தவள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இந்தத் தூக்கமின்மைக்கு ஒரு முடிவையும் திருவிழாவாக வைத்திருக்கிறது. ஆடிப்பூரத் திருவிழாவின் ஏழாம் நாள் கிருஷ்ணன் கோவிலில் சயன சேவை. ஆண்டாள் மடியில் தலைவைத்து அவள் நாயகன் ரெங்கமன்னார் படுத்திருப்பார். தூக்கமில்லாமல் தவித்தவள் உட்கார்ந்திருக்க, அவள் மடியில் தெய்வம் தூங்குகிறது. பார்க்கக் கூட்டம் முண்டும். மதுரை மீனாட்சி கோவிலில் நாள்தோறும் இரவு நடக்கும் பள்ளியறை பூசையும் இதே குடும்பத்து வழக்கம்தான். பிள்ளைத்தமிழ் நூல்களில் காப்பு, செங்கீரை முடிந்ததும் தாலப்பருவமாக வைத்ததும் இந்தத் தாலாட்டைத்தான். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியையே குழந்தையாக்கித் தாலாட்டினார்.

அரசவையிலும் கோவிலிலும் அது அழகு. அம்மை வீட்டில் அது அவசரம்.

சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோவில். சாணம் பொறுக்கப் போன பெண் இறக்கி வைத்த கூடையைத் திரும்பத் தூக்க முடியாமல் போக, அங்கே அம்மன் இருப்பது தெரிந்தது என்பது தல வரலாறு. ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் சனம் நடந்து வரும். இந்த அம்மனுக்குக் கண்ணோய் தீர்ப்பவள் என்ற பெயர் உண்டு. கண் வடிவத் தகடான கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். நோய் தீரும்வரை கோவில் வளாகத்திலேயே தங்கிக் கிடக்கும் வழக்கத்தை 'வயனம் இருத்தல்' என்கிறார்கள். பெரியம்மை பார்வையைப் பறித்த நோய் என்பதை நினைத்துப் பார்த்தால், மாரியிடம் கண்ணுக்கு வேண்டிக்கொண்டது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே வயனம் இருந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. விழித்துக் கிடக்கும் இரவில் அவர்கள் தனியாக இல்லை. பக்கத்துப் பாயிலும் ஒருவர் விழித்திருந்தார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. பெரியம்மைக்குத் தடுப்பு கண்ட ஜென்னரின் அம்மைப்பால் 1802இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகக் குத்தப்பட்டு இந்தியாவுக்குள் வந்தது. வந்திருப்பது அம்மன் என்றால் வராமல் தடுப்பது அபசாரம் அல்லவா? அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றதும் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைத்த கதைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. குறளுக்கு உரை எழுதிய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பசுவிடமிருந்து வரும் அம்மைப்பாலைத் தெய்வமே தன்வந்திரிக்கு எடுத்துச் சொல்வதுபோல ஒரு கதையை எழுதினார். வெள்ளைக்காரத் துரைக்கும் கடைசியில் அம்மனின் சிபாரிசு தேவைப்பட்டது. அவர் 1819இல் இறந்தது ராமநாதபுரத்தில். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் பிரியும்வரை அந்த ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாகத்தான் இருந்தது.

தாலாட்டு யாரையும் பெரியம்மையிலிருந்து காப்பாற்றவில்லை. காப்பாற்றியது ஊசி. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே 8 அன்று உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. ஐம்பதைத் தாண்டியவர்களின் கையில் இருக்கும் அம்மை குத்திய வட்டத் தழும்புதான் அந்த வெற்றியின் முத்திரை. ஆனால் ஊசி வந்து சேராத, வந்தும் பிந்திப்போன வீடுகளில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு எது கைகொடுத்தது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்து மனிதர் ஒருவர் வாழ்க்கையில் எதிர்பாராத ஒரு பதில் கிடைக்கிறது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்தபோது சாவுபயம் அவரைத் திடீரென்று பற்றியது. உடம்பு செத்தால் சாவது யார் என்று படுத்துக் கிடந்தபடி விசாரித்துப் பார்த்தவர், பிறகு நாள்தோறும் மாலையில் மீனாட்சி கோவிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன் நின்று கண்ணீர் விட்டார். அந்த நாயன்மார்களின் கதையான பெரியபுராணம் அவர் ஏற்கெனவே படித்திருந்த நூல். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்து ரமணர் ஆனார். இதுவரை எல்லோரும் அறிந்தது.

1914இல் அவரைப் பார்க்க வந்த தாய் அழகம்மாள் கடும் காய்ச்சலில் விழுந்தார். டைபாய்டு என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். சாவே பொய் என்று கண்டவர் என்ன செய்தார்? பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். அருணாசல மலையைப் பார்த்து நான்கு பாடல்கள் எழுதினார். பிறவிப் பிணிக்கே மருந்தாக நிற்கும் மலையே, என் தாயின் சுரத்தை ஆற்று என்று கேட்டார். எந்த வேண்டுதலும் இல்லாதவர் என்று பெயரெடுத்தவர் ஒரு காய்ச்சலுக்காக எழுதிய வேண்டுதல் அது. ரமணரின் பெரிய நூல்களைப் படிக்கிறவர்கள் இந்த நான்கு பாடல்களை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது. ஞானியும் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தபோது பாட்டைத்தான் தேடினார். அழகம்மாள் அந்தக் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தார்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிவகாசி மாறத் தொடங்கியது; அந்த மாற்றம் அம்மை வீட்டுச் சுவர்வரை வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட அச்சகம் வந்தது. 1940களில் பட்டாசு வந்தது. அச்சகங்கள் பெருகிக் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு, ஒரு காலத்தில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர், வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறி லட்சக்கணக்கான சுவர்களுக்குப் போயின. ஊருக்கு ஊர் கல்லும் வேலும் கரகமுமாக இருந்த மாரிக்கு ஒரு பொதுமுகம் வந்தது அப்படித்தான். அதுவரை அம்மை வீட்டில் விழித்திருந்தவர் பார்த்துப் பாடியது வேப்பிலையை. அதன்பின் சுவரில் சிரிக்கிற ஒரு முகத்தை.

தொழில் வேறு ஒரு விழிப்பையும் கொண்டுவந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம். அன்றிரவு ஆஸ்பத்திரி வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களின் உறக்கமின்மைக்கு இந்த மரபில் பாட்டு இல்லை. இருக்கவும் கூடாது என்றே தோன்றுகிறது. அம்மையை விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளலாம். காரணம் தெரியாத நோய்க்குத் தெய்வத்தைக் காரணமாக்குவதில் ஓர் ஆறுதல் இருந்தது. வெடிமருந்துத் தீக்காயத்துக்குக் காரணம் தெரியும். அதற்கு உரிமம் உண்டு, விதி உண்டு, மீறியவர் உண்டு. அங்கே தாலாட்டினால் தூங்கிப்போவது விசாரணைதான். சனங்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அம்மையைத்தான் சொல்வார்கள். தீக்காயத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில் இன்றும் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களின் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பை வளைத்துத் தொட்டில் கட்டி, பிள்ளையை அதில் போட்டுச் சுமந்து வருகிறார்கள். விடிய விடியத் தெய்வத்துக்கு ஆட்டிய தொட்டிலை ஒருநாள் பகலில் மனிதப் பிள்ளைக்கு வாங்கிக்கொள்வதுபோல இருக்கும் அந்தக் காட்சி.

மாரியம்மன் தாலாட்டு ஒலிநாடாவாகி, குறுந்தகடாகி, இப்போது யூடியூபில் இருக்கிறது. எல்.ஆர். ஈஸ்வரி குரலில் அம்மன் பாட்டுகள் ஒலிபெருக்கிக்கு வந்த பிறகு பொது இடத்தில் அவற்றுக்குத்தான் மவுசு. தாலாட்டு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இன்னும் சேரவில்லை. ஆகவே பங்குனி, சித்திரை வெயிலில் வேப்பிலை செருகிய வாசல்கள் இருக்கின்றன. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. செல்போன் பாடுவதில் ஒரு வசதி, குரல் கம்மாது. ஒரு குறையும் உண்டு: பாடும் வேலையைப் போன் எடுத்துக்கொண்டதால், தலைமாட்டில் இருப்பவருக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. நடுநடுவே விளம்பரம் வேறு வருகிறது. அதைத் தள்ளிவிடத்தான் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.